சில நிமிடங்களில் பானத்தை ஜில்லாக்கும் மேசைக் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் மேடையின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும் அளவில், ஒரு கேனையோ பாட்டிலையோ சில நிமிடங்களில் ஜில்லாக்கித் தரும் கருவிகள் பல வகையில் விற்பனைக்கு வருகின்றன. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் வாங்கிவிட்டு, "இது சரியாகக் குளிர்விக்கவே இல்லை" என்று மூலையில் போட்டுவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் கோளாறு கருவியில் இருக்காது, அதற்குள் போட்ட ஐஸிலும் தண்ணீரிலும்தான் இருக்கும். அதனால் ஐஸைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லியிருக்கிறேன். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

இந்தக் கருவி ஃபிரிட்ஜிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஃபிரிட்ஜ் பானத்தைச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்று மெல்ல மெல்லப் பானத்தின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசம். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு 330 மி.லி. கேன், 4 டிகிரி ஃபிரிட்ஜில் குடிக்கும் அளவுக்குக் குளிர இரண்டு மூன்று மணி நேரம் பிடிப்பது இதனால்தான்.

துரிதமாகக் குளிர்விக்கும் கருவிகள் காற்றை ஒதுக்கிவிட்டு, ஐஸ் தண்ணீரையோ குளிர்ந்த உலோகத்தையோ நேரடியாகக் கேன்மீது படவைக்கின்றன. ஒரே கேள்வி, அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். சில கருவிகளில் நீங்கள் போடும் ஐஸிலிருந்து வருகிறது. மற்றவை மின்சாரத்தைக் கொண்டு தாங்களே குளிரை உண்டாக்குகின்றன. வேகம் வேண்டும் என்றால் முதல் வகைதான். ஏன் என்பது கீழே வரும்.

ஐஸ் போடும் கருவிக்குள் என்ன நடக்கிறது?

மூடியைத் திறந்தால் ஒரு சிறு தொட்டி. அதன் நடுவே படுக்கைவாக்கில் இரண்டு உருளைகள் அல்லது ஒரு சுழலும் பிடி. கேனை அதன்மேல் படுக்கவைத்து, தொட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, பொத்தானை அழுத்தினால் மோட்டார் கேனைத் தன் அச்சிலேயே உருட்ட ஆரம்பிக்கும். அடியில் இருக்கும் சிறு பம்ப் ஐஸ் தண்ணீரை உறிஞ்சி மேலிருந்து கேன்மீது தொடர்ந்து பீய்ச்சும். வழிந்த தண்ணீர் ஐஸுக்கு இடையே இறங்கி, மீண்டும் குளிர்ந்து, மீண்டும் மேலே வரும். அவ்வளவுதான். உள்ளே கம்ப்ரஸரும் இல்லை, வாயுவும் இல்லை. இந்த வகையில் பலரும் கேள்விப்பட்டிருக்கும் பெயர் கூப்பர் கூலர்.

எதற்காகச் சுழற்ற வேண்டும்? ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்தால் போதாதா?

முக்கி வைத்தாலும் குளிரும், ஆனால் பத்து பதினைந்து நிமிடம் ஆகும். அசையாமல் கிடக்கும் கேனுக்கு இரண்டு இடத்தில் தடை.

வெளியே, கேனை ஒட்டிய தண்ணீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கேனைச் சுற்றி ஒரு வெதுவெதுப்பான படலம் உண்டாகி, அப்பால் இருக்கும் ஐஸ் தண்ணீரைக் கிட்டே அண்டவிடாது. உள்ளேயும் இதே கதை. சுவரை ஒட்டிய பானம் குளிர்ந்து கனத்து அடியில் போய்ச் சேர, மேல்பாதி சூடாகவே இருக்கும். கையில் எடுத்தால் கேன் சில்லென்று இருக்கும். ஊற்றிக் குடித்தால் பாதி கூட ஆறியிருக்காது. நடுவில் இருக்கும் பானத்துக்குச் சேதி போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம்.

உருட்டும்போது இரண்டு தடையும் ஒரே நேரத்தில் உடைகின்றன. வெளியே படலம் நிற்க முடியாது. உள்ளே பானம் புரண்டுகொண்டே இருப்பதால் ஒவ்வொரு துளியும் சுவரைத் தொட்டுவிட்டு வரும். சுழலாமல் வெறுமனே தண்ணீரை மட்டும் பீய்ச்சும் கருவிகள் மெதுவாக இருப்பதற்குக் காரணம் இந்த உள்பக்கத் தடைதான்.

சுழற்றினால் சோடா பொங்காதா?

பொங்காது. கேனைக் குலுக்கினால் பொங்குகிறது, ஏனென்றால் மேலே இருக்கும் வாயு நுண்குமிழிகளாக உடைந்து பானத்துக்குள் இறங்கிவிடுகிறது. திறந்ததும் அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றும் பெருத்துக்கொண்டு மேலே வருகின்றன. படுக்கவைத்து ஒரே சீராக உருட்டும்போது வாயு மேல்பக்கத்தில் ஒரே குமிழியாக அப்படியே நிற்கும், உடையாது.

இன்னொரு பக்கம், குளிர் உங்களுக்குச் சாதகமாகவே வேலை செய்கிறது. 0 டிகிரித் தண்ணீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு, 20 டிகிரியில் கரைவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சூடான கேனைத் திறப்பதைவிட ஜில்லென்ற கேனைத் திறந்தால் குறைவாகத்தான் நுரைக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கருவி கேனைச் சீராக உருட்டாமல் தடதடவென்று ஆட்டினால் பொங்கத்தான் செய்யும். உருளை தேய்ந்திருந்தாலோ கேன் நசுங்கியிருந்தாலோ அப்படி ஆகும். நசுங்கிய கேனை உள்ளே போடாதீர்கள்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். நிதானமாகப் பார்ப்போம்.

330 மி.லி. பானத்தை 25-லிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர அதிலிருந்து சுமார் 28 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். ஐஸ் உருகி முடியும்வரை வெப்பநிலை ஏறாமலேயே இவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது என்பதை 1760களில் ஜோசப் பிளாக் அளந்து காட்டினார். உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். கணக்குப் போட்டால், ஒரு கேனுக்கு 80 கிராமுக்குச் சற்றுமேல் ஐஸ் உருகினால் போதும். ஒரு கைப்பிடி ஐஸ்.

ஆனால் தொட்டியில் ஊற்றும் தண்ணீரும் குளிர வேண்டுமே! ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை 25-லிருந்து 0 டிகிரிக்கு இறக்க 105 கிலோஜூல், அதாவது 300 கிராமுக்கும் மேல் ஐஸ். கிட்டத்தட்ட நான்கு கேன்களைக் குளிர்விக்கக்கூடிய ஐஸ், ஒரு கேன் உள்ளே போவதற்கு முன்பே கரைந்துபோகிறது. "ஐஸ் போட்டேன், உடனே உருகிவிட்டது, கேன் மட்டும் குளிரவில்லை" என்பவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் சிக்கியவர்கள்தான்.

இதற்கு எளிய வழி, தொட்டிக்கான தண்ணீரை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்வது. அது 5 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 60 கிராம் அளவே ஐஸ் செலவாகும். இந்த ஒரு பழக்கம், கருவியை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும் என்பேன்.

மொத்தத்தில் தொட்டியில் பாதிக்குமேல் ஐஸ், மீதி குளிர்ந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து கேன்களை அடுத்தடுத்துப் போடுவதாக இருந்தால், தண்ணீருக்கு மேல் ஐஸ் மிதப்பது கண்ணுக்குத் தெரியும்வரை சரி. ஐஸ் ஓரத்துக்கு ஒதுங்கி நடுவில் வெறும் தண்ணீர் தெரிய ஆரம்பித்தால் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டு ஐஸைச் சேருங்கள்.

தண்ணீரே வேண்டாம், முழுக்க ஐஸையே போட்டால் இன்னும் சீக்கிரம் குளிராதா?

குளிராது. ஐஸ் கட்டி கேனை ஒன்றிரண்டு புள்ளிகளில்தான் தொடும், இடையே முழுக்கக் காற்று. தண்ணீர் இருந்தால்தான் கேனின் மேற்பரப்பு முழுவதும் குளிர் படும். பம்ப் உள்ள கருவியைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் பம்பும் கெட்டுவிடும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த மைனஸ் 18 டிகிரி ஐஸ் போட்டால் கூடுதல் பலன் உண்டா?

கொஞ்சம்தான். அந்த ஐஸ் மைனஸ் 18-லிருந்து 0-க்கு ஏறும்போது கிலோவுக்குச் சுமார் 38 கிலோஜூல் எடுக்கும். உருகும்போது எடுப்பது 334. ஆக, கூடுதல் பலன் பத்தில் ஒரு பங்கு அளவே. ஐஸ் எவ்வளவு குளிராக இருக்கிறது என்பதைவிட எவ்வளவு ஐஸ் இருக்கிறது என்பதுதான் முக்கியம். பெரிய கட்டிகளைவிடச் சிறிதாக உடைத்த ஐஸ் தண்ணீரைச் சீக்கிரம் குளிரவைக்கும், ஆனால் தூளாக்க வேண்டாம். பம்பின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

"ஒரே நிமிடத்தில் ஜில்" என்ற விளம்பரம் உண்மையா?

கேனுக்கு ஒரு நிமிடம், ஒயின் பாட்டிலுக்கு ஆறு நிமிடம் என்பது இந்த வகைக் கருவிகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. எல்லாம் சரியாக அமைந்தால் அது நடக்கக்கூடியதே. 28 கிலோஜூலை 60 நொடியில் எடுக்க வேண்டும் என்றால் 460 வாட் வேகத்தில் வெப்பம் வெளியேற வேண்டும். கேனின் சிறிய மேற்பரப்பில் இது பெரிய வேலை. தண்ணீர் 0 டிகிரியிலேயே நிற்க வேண்டும், பீய்ச்சல் பலமாக இருக்க வேண்டும், சுழற்சி நிற்கக் கூடாது. ஐஸ் பாதி கரைந்து தண்ணீர் 4, 5 டிகிரிக்கு ஏறிவிட்டால் பானம் 5 டிகிரியைத் தொடவே தொடாது. வீட்டுப் பயன்பாட்டில் கேனுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விளம்பரத்தில் எந்த வெப்பநிலையிலிருந்து எந்த வெப்பநிலைக்கு என்று சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். 25-லிருந்து 12 வரை ஒரு நிமிடம் என்பதும் 25-லிருந்து 5 வரை ஒரு நிமிடம் என்பதும் ஒன்றல்ல. கடைசி சில டிகிரிகள்தான் அதிக நேரம் பிடிப்பவை. பானத்துக்கும் ஐஸ் தண்ணீருக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய வெப்பம் நகரும் வேகமும் குறைந்துகொண்டே போகும். எண்கள் எதுவும் இல்லாமல் "ஜில்" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அந்தக் கருவியை நம்ப மாட்டேன்.

கேன், கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் பாட்டில்: எது சீக்கிரம் குளிரும்?

அலுமினியக் கேன்தான், சந்தேகமே இல்லை. சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், உலோகம் வேறு. வெப்பத்துக்குச் சுவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்து எது என்று கேட்டால் பலரும் கண்ணாடி என்பார்கள். பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடி வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது சரிதான், ஆனால் தடிமனைப் பாருங்கள். ஒயின் பாட்டிலின் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர். மெல்லிய பெட் பாட்டிலின் சுவர் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் போலத்தான். பத்து மடங்கு தடிமன் அந்தச் சாதகத்தை மொத்தமாகச் சாப்பிட்டுவிடுகிறது. போதாததற்கு, அரை கிலோ எடையுள்ள கண்ணாடியையும் சேர்த்தே குளிர்விக்க வேண்டும். அதனால் மெல்லிய அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், கனத்த கண்ணாடி பாட்டிலை முந்திவிடும். ஒயின் பாட்டிலுக்கு ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவே போதும் என்று யாராவது சொன்னால், நம்புவதற்கு முன் இந்தக் கண்ணாடிச் சுவரின் தடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கில் வேறொரு சிக்கல் உண்டு. வாயு இல்லாத தண்ணீர் பாட்டில் மென்மையாக இருப்பதால் உருளையில் பிடி கிடைக்காமல் வழுக்கும். அட்டைப் பெட்டியில் வரும் பழச்சாறு இந்தக் கருவிக்கு ஒத்துவராது. அட்டை ஊறிவிடும், உருளவும் உருளாது. அதைக் கழுவிய பாட்டிலுக்கு மாற்றிக் குளிர்வியுங்கள்.

கண்ணாடி பாட்டில் உடைந்துவிடாதா?

சாதாரண அறை வெப்பநிலையில் இருக்கும் பாட்டில் உடையாது. வெயிலில் நின்ற வண்டிக்குள்ளிருந்து எடுத்ததை, தொட்டால் சுடும் நிலையில், நேராக ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். முதலில் குழாய்த் தண்ணீரில் சூடு தணியட்டும். கீறலோ விளிம்பில் சில்லு பெயர்ந்ததோ உள்ள பாட்டிலும் வேண்டாம்.

தண்ணீரில் உப்பு போட்டால் இன்னும் வேகம் கூடுமே?

கூடும். ஆனாலும் பம்ப் உள்ள கருவியில் போடாதீர்கள்.

உப்பு சேர்ந்தால் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயே உருகும். சரியான விகிதத்தில், அதாவது கரைசலின் எடையில் 23 சதவீதத்துக்குச் சற்றுமேல் உப்பு இருந்தால், மைனஸ் 21 டிகிரி வரை போகும். அவ்வளவு குளிர் பானத்துக்குத் தேவையில்லை. சுவரை ஒட்டிய பானம் உறைந்து ஒட்டிக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால் உள்ளே முழுக்கக் கட்டியாகிவிடும். தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் விரிவதால் கேன் புடைக்கும், பாட்டில் வெடிக்கும். இவை ஒருபுறம் இருக்க, உப்புத் தண்ணீர் மோட்டார் தண்டையும் திருகுகளையும் அரித்துவிடும். உலர்ந்தபின் பம்புக்குள் உப்புப் படிந்து இறுகும். உத்தரவாதம் இருந்தாலும், கையேட்டில் உப்பு கூடாது என்று போட்டிருந்தால் பழுதுக்கு நீங்களே பொறுப்பு.

ஒரு பாத்திரத்தில் கையால் செய்வதாக இருந்தால் ஒரு பிடி உப்பு போடலாம், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

ஐஸே வேண்டாத, பிளக்கில் சொருகினாலே குளிர்விக்கும் சிறு கருவிகள் எப்படி?

இவற்றில் பெரும்பாலானவை பெல்டியர் வகை. இரண்டு வேறு கடத்திகள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் என்பதை 1834-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியே கண்டறிந்தார். அந்த விளைவைப் பயன்படுத்தும் ஒரு சிறு தகடுதான் உள்ளே இருக்கிறது. அசையும் பாகம் மின்விசிறி மட்டும்தான். எடையும் சத்தமும் குறைவு.

வேகத்துக்கு இது ஆகாது. ஒரு தகடு 60 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு 30 வாட் வெப்பத்தை நகர்த்தினால் அதுவே நல்ல கணக்கு. கேனிலிருந்து எடுக்க வேண்டிய 28 கிலோஜூலை 30 வாட்டில் எடுக்கக் கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும், அதுவும் கேன் முழுவதும் குளிர்ந்த உலோகத்தோடு ஒட்டியிருந்தால். பொதுவாகக் கேனுக்கும் உலோகத்துக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும். கால் மணி ஒரு மணியாகிவிடும். அறை சூடாக இருந்தால் இதன் பலம் இன்னும் குறையும், ஏனென்றால் அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி கீழே என்றுதான் இது இறங்கும்.

அப்படியானால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. ஏற்கெனவே குளிர்ந்த பானத்தை வேலை மேசையில் குளிராகவே வைத்திருக்க இது நல்ல துணை. அதற்காக வாங்குங்கள். துரிதமாகக் குளிர்விக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

கம்ப்ரஸர் உள்ள மேசைக் கருவிகள்?

இவை சிறு ஃபிரிட்ஜ்கள்தான். சிலவற்றில் குளிர்ந்த திரவத் தொட்டி தயாராக இருக்கும், பாட்டிலை உள்ளே இறக்கினால் போதும். அப்படிப்பட்டவை வேகமாகவே வேலை செய்யும், ஏனென்றால் குளிரை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கின்றன. கனமும் விலையும் அதிகம், பின்பக்கம் காற்றோட்டத்துக்கு இடம் விட வேண்டும். சாய்த்து எடுத்து வந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். நாள் முழுவதும் பானம் பரிமாறும் இடத்துக்குச் சரி. வீட்டுக்கு அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சூடான காபி, டீயை இதில் ஆற்றலாமா?

சுழலும் கருவியில் வேண்டாம். அதற்கென்றே வேறொரு வடிவம் இருக்கிறது. இரட்டைச் சுவர் கொண்ட ஒரு கோப்பை. சுவர்களுக்கு நடுவே தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து உறையவைப்பார்கள். காபியை அதில் ஊற்றினால் துருப்பிடிக்காத எஃகுச் சுவர் வழியாக வெப்பம் ஐஸுக்குப் போகும், காபியோடு ஐஸ் கலக்காது. ஒன்றிரண்டு நிமிடம் மெல்லச் சுழற்றிவிட்டு ஊற்றிக்கொள்ளலாம்.

இது எதற்கு, காபியிலேயே ஐஸைப் போட்டால் என்ன? கணக்கைப் பாருங்கள். 300 மி.லி. காபியை 85-லிருந்து 5 டிகிரிக்கு இறக்க 280 கிராம் போல ஐஸ் உருக வேண்டும். காபி அளவுக்கே தண்ணீர் சேர்ந்துவிடும். இரு மடங்கு கடுமையாகப் போட்டால் அது பரவாயில்லை. ஏற்கெனவே போட்ட காபி என்றால் வீணாகிவிடும்.

இந்தக் கோப்பையின் குறை, ஒருமுறை பயன்படுத்தினால் மறுபடி உறையப் பல மணி நேரம் ஆகும். நான்கு பேருக்கு ஐஸ் காபி போட இது உதவாது. காபியைப் பாத்திரத்தில் ஊற்றி அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, பிறகு கோப்பையில் ஊற்றினால் ஒரே உறைதலில் இரண்டு பேருக்குச் சமாளிக்கலாம்.

குழந்தைக்குக் கலக்கிய பால்மாவு பாட்டிலைக் குளிர்விக்கலாமா?

கருவியில் வேண்டாம். தொட்டித் தண்ணீர் சுத்தமானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பாட்டிலின் மூடியையும் காம்பையும் அது தொடக் கூடாது. 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் பால்மாவைக் கலக்கி, ஓடும் குழாய்த் தண்ணீரிலோ குளிர்ந்த தண்ணீர் உள்ள பாத்திரத்திலோ பாட்டிலைப் பிடித்து ஆற்றச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழேயே இருக்கட்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஃப்ரீசரில் போட்டாலே ஆகிவிடுமே, தனிக் கருவி எதற்கு?

ஆகும், கேனுக்கு முக்கால் மணி நேரம் போல. பிரச்சினை அதை மறந்துவிடுவதுதான். சர்க்கரைப் பானங்களும் பீரும் மைனஸ் 2, 3 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். ஃப்ரீசரோ மைனஸ் 18. ஐஸ் தண்ணீரின் பெரிய பாதுகாப்பு, அது 0 டிகிரிக்குக் கீழே போகாது என்பது. கருவியில் கேனை விட்டுவிட்டு நீங்கள் வேறு வேலை பார்த்தாலும் அது வெடிக்காது.

எந்தப் பானத்துக்கு எவ்வளவு குளிர் நல்லது?

இது அவரவர் விருப்பம். சோடா வகைகள் 3 முதல் 5 டிகிரியில் நன்றாக இருக்கும். லேசான பீர் 4 முதல் 7, வெள்ளை ஒயின் 8 முதல் 12. பழச்சாற்றை அதிகம் குளிர்வித்தால் மணமும் இனிப்பும் மங்கிவிடும். 8 டிகிரிக்குக் கீழே கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை. சிவப்பு ஒயினுக்கு இந்தக் கருவி ஒரு நிமிடம் போதும், அறைச் சூட்டிலிருந்து சில டிகிரி இறக்கினால் சரி.

மின்சாரம் எவ்வளவு ஆகும்?

மோட்டாருக்கும் பம்புக்கும் ஆவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. உண்மையான செலவு ஐஸ் செய்வதில் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஃப்ரீசரில் ஐஸாக்கச் சுமார் 0.1 யூனிட் ஆகலாம். ஆக, இந்தக் கருவி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எப்படிச் சுத்தம் செய்வது?

ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்து, உருளைகளையும் தொட்டியையும் துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் இரண்டே நாளில் வழவழப்பும் வாடையும் வந்துவிடும். கேனின் மேல்மூடி இந்தத் தண்ணீரில் நனைகிறது, அதில்தான் வாய் வைத்துக் குடிக்கிறோம். ஆகவே ஐஸும் குடிநீரில் செய்ததாக இருக்கட்டும், கேனையும் போடும் முன் ஒருமுறை கழுவிவிடுங்கள். கடினத் தண்ணீர் என்றால் அவ்வப்போது வினிகர் கலந்த தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். காகித லேபிள் ஒட்டிய பாட்டில்களில் லேபிள் உரிந்து பம்பை அடைக்கும். ஊறி வந்துவிடும் போலிருந்தால் முன்பே உரித்துவிடுவது நல்லது.

வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் ஃப்ரீசரைப் பாருங்கள். எப்போதும் ஒரு கிலோ ஐஸாவது கையிருப்பில் இருக்குமா? இல்லை என்றால் இந்தக் கருவி வாங்கிப் பயனில்லை. அடுத்து, நீங்கள் வழக்கமாக வாங்கும் பாட்டிலின் உயரமும் விட்டமும் தொட்டிக்குள் அடங்குமா என்று அளந்து பாருங்கள். ஒல்லியான கேன்கள் சில உருளைகளில் நழுவும். தண்ணீர் வடிக்க அடியில் குழாய் அல்லது மூக்கு இருக்கிறதா? மொத்தக் கருவியையும் தூக்கிக் கவிழ்க்க வேண்டியிருந்தால் கொஞ்ச நாளில் அலுத்துப்போய்விடும். பம்பின் வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். விலை அதிகம் என்பதற்காக வேகமும் அதிகம் என்று நினைக்க வேண்டாம்; ஐஸும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கருவி வாங்காமலேயே இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும், எப்போதாவதுதான் தேவை என்றால் இதையே செய்யுங்கள். அகலமான பாத்திரத்தில் பாதிக்குமேல் ஐஸ் போட்டு, ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றுங்கள். கேனைப் படுக்கவைத்து, உள்ளங்கையால் முன்னும் பின்னும் நிற்காமல் உருட்டிக்கொண்டே இருங்கள். அடித்துப் புரட்ட வேண்டாம், நிதானமாக உருளட்டும். மூன்று நான்கு நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். விரல் மரத்துப்போகும் என்பதால் நடுவில் கை மாற்றிக்கொள்ளுங்கள். கருவி செய்வதும் இதே வேலைதான். பத்துப் பதினைந்து கேன்களை அடுத்தடுத்துக் குளிர்விக்க வேண்டியவர்களுக்கு அது கைக்கு ஓய்வு தருகிறது.

உலர்ந்த ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போடலாமா?

கூடாது. மைனஸ் 78 டிகிரியில் இருப்பது அது. தோலைப் பொசுக்கும், மூடிய இடத்தில் வாயுவாகப் பெருகி அழுத்தம் ஏறும். எந்தப் பாட்டிலுக்குள்ளும் போட்டு மூடவே கூடாது.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் பானம் குளிரவில்லை. என்ன செய்வது?

மூடியைத் திறந்து தண்ணீர் மேலிருந்து பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் பிளக்கை எடுத்துவிட்டு வடிகட்டியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஐஸ் சில்லோ லேபிள் துண்டோ அடைத்திருக்கும். தண்ணீர் வருகிறது, கேன் மட்டும் உருளவில்லை என்றால் உருளையின் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இரண்டும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் தண்ணீருக்குள் ஒரு வெப்பமானியை விடுங்கள். 2 டிகிரிக்கு மேல் காட்டினால் பழுது எதுவும் இல்லை, ஐஸ்தான் போதவில்லை.